ஆய்வு எங்கே பயன்பட்டது? தேசிய நலன் விலக்கு மனுவுக்குச் சான்று திரட்டும் முறை

அமெரிக்க முதலாளி ஒருவரின் வேலைவாய்ப்பு இல்லாமலே அந்நாட்டில் நிரந்தர வதிவிடம் கோரும் வழி, ஈ.பி.-2 தேசிய நலன் விலக்கு. கொழும்பிலிருந்து அதற்கு விண்ணப்பிக்கும் ஆய்வாளர்கள் பலர், மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டும் கூகுள் ஸ்கொலர் பக்கத்தை அச்செடுத்து முதலில் வைக்கிறார்கள். மற்ற ஆய்வாளர்கள் உங்களைப் படித்தார்கள் என்பதற்கு அது சான்று. நடைமுறைப் பயனைக் காட்ட வேண்டுமென்றால், உங்கள் ஆய்வால் யார், எந்த வேலையை, எப்போதிலிருந்து மாற்றிச் செய்கிறார்கள் என்று ஐ-140 என்ற குடிவரவு மனுவில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தாளில் ஒரு வரி எழுதுங்கள்: பயன்படுத்துபவர், தொடங்கிய மாதம், பழைய முறை, புதிய முறை, வேறுபாட்டின் அளவு. களனி கங்கைக்கு வெள்ள எதிர்வுகூறல் மாதிரி செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். "வெள்ள அபாயத்தைக் குறைத்தது" என்ற வரி எதையும் நிறுவாது. கொழும்பின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுமானியில் நீர் அபாய மட்டத்தைத் தொடும் என்று பழைய முறை எத்தனை மணித்தியாலம் முன்னர் சொன்னது, புதியது எத்தனை மணித்தியாலம் முன்னர் சொல்கிறது, எந்தெந்த வெள்ளங்களில் ஒப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். அளவு கிடைக்காத வரியை வெட்டிவிடலாம். நலிந்த வரிகள் நல்லவற்றின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

மிஞ்சிய ஒவ்வொரு வரிக்கும், அந்தக் காலத்திலேயே உருவான ஓர் ஆவணமும் அதை விளக்கும் கடிதமும் வேண்டும். கூட்டக் குறிப்பு, சுற்றுநிருபம், தொழில்நுட்ப அறிக்கை, உரிம ஒப்பந்தம், விலைப்பட்டியல் எதுவானாலும் திகதி தெரிய வேண்டும். ஆக்கவுரிமைச் சான்றிதழ் மட்டும் போதாது. யாரோ உரிமம் பெற்றதையோ உற்பத்தி செய்ததையோ காட்டுங்கள்.

பலர் தடுமாறுவது அரச திணைக்களங்களில்தான். உங்கள் முறையைப் பயன்படுத்துவார்கள், ஆனால் கடிதம் மேசை மேசையாக அலையும். அப்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். "என் ஆய்வு பற்றிய தகவல்" என்று கேட்காமல், அறிக்கையின் பெயர், ஆண்டு, கூட்டத் திகதி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கடிதம் எழுதுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இணையாசிரியராகவோ மேற்பார்வையாளராகவோ இல்லாதவர்களாக இருக்கட்டும். உங்களை எப்படி அறிவார், எதைப் பயன்படுத்துகிறார், என்ன மாறியது என்பதை அவரவர் சொற்களில் எழுத விடுங்கள். எல்லாக் கடிதங்களிலும் ஒரே வாக்கியம் திரும்ப வந்தால், நீங்களே எழுதிக் கொடுத்தது தெரிந்துவிடும்.

சிங்கள, தமிழ் ஆவணங்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். புதுக்கடை நீதிமன்றப் பகுதியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களைப் பிடிக்கலாம். ஆனால் முத்திரை மட்டும் போதாது. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கத் தமக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதி ஒப்பமிட வேண்டும். தகுதி பற்றிய வரி விடுபட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மனு விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. இத்தகைய மனுக்களை அமெரிக்கக் குடிவரவுத் துறை எடைபோடும் அளவுகோலான 2016இன் தனசார் தீர்மானம் மூன்று கேள்விகளை வைக்கிறது. இலங்கையில் விளைந்த பயன் இரண்டாவதற்கு, அதாவது திட்டத்தை நடத்தும் வல்லமை உங்களுக்கு உண்டா என்பதற்கு, நல்ல சான்று. முதலாவது கேள்வி, நீங்கள் அமெரிக்காவில் செய்யப்போகும் வேலையின் தேசிய முக்கியத்துவம். அதற்குக் களனி கங்கை பதிலாகாது. அமெரிக்க உதாரணம் ஒன்று வேண்டும்: டெக்சாஸின் ஹூஸ்டன் நகரமும் 2017இல் ஹார்வி புயலில் மூழ்கிய தாழ்நிலம்தான். அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனம் (யூ.எஸ்.ஜி.எஸ்.) தரும் ஆற்று நீர்மட்டத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் மாதிரியை ஓட்டிப் பெற்ற முடிவைச் சேருங்கள். பயன்படுத்த விரும்பும் அங்குள்ள நிறுவனமொன்றின் கடிதமும் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்றாவது கேள்வி, முதலாளி ஒருவரின் வேலைவாய்ப்பு வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்துவது அந்நாட்டுக்கு நன்மையா என்பது. முதலிரண்டும் வலுவாக இருந்தால் அதை வாதிடுவது எளிது.

மனு சேரும் நாளிலேயே தகுதி இருக்க வேண்டும். பின்னர் மேலதிகச் சான்று கேட்டால் கூடியபட்சம் 12 வாரம்தான் தருவார்கள், நீடிப்பு இல்லை. அதனால் தகவல் உரிமை விண்ணப்பத்தை மனுவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.