குளிரில் கிளம்பாத ஜெனரேட்டர்: கயிற்றை விட்டுவிட்டுப் பிளக்கைப் பாருங்கள்

குளிரில் முரண்டு பிடிக்கும் ஜெனரேட்டரிடம் தோள் பலத்தைக் காட்டுவதுதான் முதல் தவறு. ஸ்டார்ட்டர் கயிற்றை ஐந்தாறு முறை இழுத்தும் கிளம்பவில்லை என்றால், அதை விட்டுவிட்டு, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை அடித்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. வறண்டு கிடந்தால், பெட்ரோல் அதுவரை வந்து சேரவே இல்லை. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. அதைப் பார்க்காமல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பிரிப்பதும் புதுப் பிளக் வாங்குவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

ஈரப் பிளக்குக்குக் காரணம் பெரும்பாலும் சோக்கை, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் மூடியை, கையாளும் விதம். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிரில் ஆவியாவதே குறைவு, ஆனதிலும் ஒரு பகுதி சில்லிட்ட உலோகத்தில் பட்டு மறுபடியும் திரவமாகிவிடும். சோக்கை மூடினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். அந்தக் குறை ஈடாகும். ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக்கை முழுதாக மூடுவது சரிதான். தவறு அடுத்த நொடியில் நடக்கிறது. எஞ்சின் ஒருமுறை இருமி அடங்கினால், உள்ளே போதுமான பெட்ரோல் சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போதே சோக்கைப் பாதிக்குத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும். பலர் முழுச் சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருப்பார்கள், பிளக் நனைந்துவிடும். ஓடத் தொடங்கியதும் சோக்கை ஒரேயடியாகத் திறப்பதும் கூடாது. குளிர் கடுமையாக இருந்தால் ஒரு நிமிடமோ அதற்கு மேலுமோ எடுத்துக்கொண்டு, எஞ்சின் திணறாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். மூடியபடியே மறந்துவிட்டால் கரும்புகை கக்கும், பிளக்கில் கரி படியும், மறுநாள் அதுவே தகராறு செய்யும்.

நனைந்துவிட்டால் பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, பிளக் வயரைத் துளையிலிருந்து தள்ளி வைத்து, சோக்கைத் திறந்து, கயிற்றைச் சில முறை நிதானமாக இழுங்கள். மிஞ்சிய பெட்ரோல் துளை வழியாகத் தெறிக்கும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். பிளக்கை வீட்டுக்குள் எடுத்துப்போய்த் துடைத்து, கதகதப்பான இடத்தில் வைத்து மாட்டினால் பாதி வேலை முடிந்தது. உறைபனிக் காலத்தில் இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு மூன்று சுற்று மட்டும் எரிந்து நின்றுபோன எஞ்சினில், எரிதலில் உண்டான நீராவி பிளக் முனையிலேயே பனியாக உறைந்துவிடும். பார்வைக்குப் பிளக்கில் ஒரு குறையும் தெரியாது, பொறி மட்டும் வராது. கதகதப்பில் வைத்தால் அந்தப் பனி உருகிவிடும்.

வறண்ட பிளக் என்றால் பெட்ரோல் வரும் வழியைத் தேடுங்கள். பெட்ரோல் வால்வைத் திறக்க மறப்பதைவிட அதிகம் நடக்கிற தவறு கிடையாது. டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பனி அடைத்திருக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருந்தால், அதைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனிக் குமிழாக உருண்டு நிற்கும். அந்தத் தண்ணீர்தான் உறைந்து, பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டை அடைக்கிறது. தளர்த்தியும் எதுவும் வடியவில்லை என்றால் கிண்ணத்துக்குள் பனிக்கட்டியே இருக்கலாம்.

பழைய பெட்ரோலைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சேமித்து வைத்த பெட்ரோலிலிருந்து முதலில் பறந்துபோவது எளிதில் ஆவியாகும் பகுதி. குளிரில் கிளம்பத் தேவையானதும் அதுவேதான். குளிர் நாடுகளில் குளிர்காலப் பெட்ரோலை எளிதில் ஆவியாகும்படியே தயாரிக்கிறார்கள். கோடையில் வாங்கிய கேனை அப்போது ஊற்றினால் புத்தம் புது எஞ்சினும் திணறும். கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை வாங்கிய அன்றே கலக்க வேண்டும். கெட்ட பெட்ரோலை அது மீட்டுத் தராது.

பலர் பிளக்மேல் போடும் பழி உண்மையில் ஆயிலுக்குச் சேர வேண்டியது. எஸ்ஏஇ 30 என்ற தடிமன் தர ஆயில் வெயில் காலத்துக்கு நல்லது. சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கெட்டிப்பட்டு எஞ்சினைச் சுற்றவிடாது. இந்தச் சிறிய எஞ்சின்களில் பொறியை உண்டாக்குவது, எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலில் பதித்த காந்தம். சுழற்சி மந்தமானால் பொறியும் மங்கும். கயிறு வழக்கத்தைவிடக் கனமாக வந்தால் பிளக்கை விட்டுவிட்டு ஆயிலைக் கவனியுங்கள். குளிரிலும் இளகியே இருக்கும் 10டபிள்யூ-30, கடுங்குளிருக்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக் பெரும்பாலும் பொருந்தும். கடைசி வார்த்தை கையேட்டினுடையது. சரிவான இடத்தில் வைத்தாலும் ஆயில் குறைவு சென்சார் பொறியைத் துண்டித்துவிடக்கூடும்.

பட்டன் ஸ்டார்ட் உள்ளவற்றில் பேட்டரி குளிரில் வலுவிழக்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்தே போகலாம். உறைந்ததைச் சார்ஜ் செய்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. கிளப்பும்போது எந்தக் கருவியும் ஜெனரேட்டரில் செருகியிருக்க வேண்டாம்.

இனி, உயிருக்கு உலை வைக்கும் தவறுகள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். உறைபனிதானே என்று தீப்பந்தமோ கேஸ் அடுப்போ வைத்துச் சூடாக்கக் கூடாது. எஞ்சினைக் கிளப்ப அடிக்கும் ஈதர் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்தால் பிஸ்டன் உடையலாம், தீயும் பிடிக்கலாம். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைத்து ஓட்டுவது எல்லாவற்றிலும் மோசம். கதவைத் திறந்து வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதற்கு வாடையில்லை. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள்.

மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பவர்கள்கூட இரண்டே நிமிடத்தில் அணைத்துவிடுகிறார்கள். ஆயிலில் சேர்ந்த ஈரம் அப்படியே தங்கி, பின்னர் ஆயில் தங்கும் அடிக்கூடான கிராங்க்கேஸின் காற்றுக்குழாயில் உறைந்து அடைத்து, உள்ளழுத்தத்தால் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளக்கூடும். ஓரளவு லோடு கொடுத்துக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, லோடை நீக்கியபின் பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணம் காலியாகித் தானாக நிற்கும்வரை விடுங்கள்.