இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் கேட்கும் பிள்ளை: வன்னிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி மாதம், அறுவடை முடிந்து முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மூத்த மகள் கைத்தொலைபேசியை நீட்டியபடி வந்து, "அப்பா, கொழும்பில் நடக்கிற இசை நிகழ்ச்சிக்கு நாங்களும் போவோமா? டிக்கெட் 15,000 ரூபாய்தான்" என்றாள். அந்தத் 'தான்' என்னைச் சுட்டது. "பாட்டுக் கேட்க 15,000 ரூபாயா? வானொலியைப் போட்டுக் கேள்" என்று சொல்லிவிட்டு நெல்லைக் கிளறத் தொடங்கினேன். பிள்ளை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுத்தது எனக்கு இப்போதும் தவறாகத் தெரியவில்லை. ஏன் போக ஆசைப்படுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மறுத்ததுதான் தவறு. அவள் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறவள். அந்த நிகழ்ச்சியில் பாடவிருந்த பாடகரின் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவர் மேடையில் எப்படி மூச்சு எடுக்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். இதை அவளுடைய தாய் சொல்லித்தான் நான் அறிந்தேன். இன்னொரு பிள்ளைக்குக் காரணம் வேறாக இருக்கலாம்: தோழிகள் எல்லோரும் போகிறார்கள், அல்லது ரொறன்ரோவில் இருக்கும் மாமியின் மகள் காணொளி அனுப்பியிருக்கிறாள். 2024 நவம்பரில் அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்ட் ரொறன்ரோவில் ஆறு இரவுகள் பாடியபோது, அந்தக் காணொளிகள் கிளிநொச்சி ரியூசன் வகுப்புகள் வரைக்கும் வந்து சேர்ந்தன. வாத்தியத்தின் மேல் வந்த ஆசையையும் காணொளி பார்த்து வந்த ஆசையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. கேட்டால்தான் எது எதுவென்று தெரியும்.

இதற்கு நேரெதிரான தவறுதான் எங்கள் பகுதியில் கூடுதலாக நடக்கிறது. போர் நடந்து பட்டரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் நின்றுவிடும். எங்களுக்குக் கிடைக்காத இளமையைப் பிள்ளையாவது அனுபவிக்கட்டும் என்ற தவிப்பு நெஞ்சுக்குள் கிடக்கிறது. பிள்ளை வாய் திறந்து கேட்டதும் அது பொங்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தாய் சங்கிலியை அடைவு வைத்து இரண்டு டிக்கெட் வாங்கினார். நிகழ்ச்சி மூன்று மணித்தியாலத்தில் முடிந்தது. வட்டி அடுத்த பெரும்போகம் வரை ஓடியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: இதற்காக நகையை அடைவு வைக்காதீர்கள், நுண்கடன் எடுக்காதீர்கள், சீட்டுக் காசை முன்கூட்டிக் கழித்து எடுக்காதீர்கள். நுண்கடனில் எத்தனை குடும்பங்கள் நொந்துபோயின என்பதை வன்னியில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

டிக்கெட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. எங்கள் வீட்டில் நெல்லாகக் கணக்குப் பார்த்தோம். 2025 பெப்ரவரியில் அரசு 'நாடு' வகை நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோவுக்கு 120 ரூபாய். 65 கிலோ மூடை ஒன்று 7,800 ரூபாய். ஆக, ஒரு டிக்கெட் ஏறத்தாழ இரண்டு மூடை. பதினைந்து வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, கூடப்போகிறவருக்கும் இரண்டு மூடை. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ், சாப்பாடு, ஓட்டோ, நிகழ்ச்சி முடிந்த பின் தங்குவதற்கு ஓர் அறை. மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூடை மூடையாகக் கோடு போட்டுக் கூட்டினாள். ஏழாவது கோட்டில் பென்சில் நின்றது. நான் அரை மணி நேரம் புத்தி சொல்லியிருந்தாலும் அந்த ஏழு கோடுகள் சொன்னதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நிகழ்ச்சி யாழ்ப்பாணத்தில் என்றால் செலவு குறையும். வீடு திரும்பும் சிக்கல் அப்படியே இருக்கும். நள்ளிரவில் ஏ9 பெருவீதிக்கு வந்து சேர்ந்துவிடலாம். அங்கிருந்து ஒட்டுசுட்டான் பக்கமோ உட்கிராமங்களுக்கோ போக அந்த நேரத்தில் பஸ் எங்கே? யானை நடமாடும் வீதியில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றி வருவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடிப்பது நல்லது. அதை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

மலிவு என்று நின்று பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் எடுப்பதை, சிறு பிள்ளைகள் விடயத்தில், நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். அதைவிடப் பெரிய பயம் நெரிசல். 2023 செப்டெம்பர் 10 அன்று சென்னையில் ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போகவே முடியாமல் திரும்பினார்கள். 2024 பெப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னே பாய்ந்தது. நிகழ்ச்சியை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இசை நிகழ்ச்சி ஒன்றின் நெரிசலில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் தகப்பனின் தோளில் இருந்து பார்த்த ஒன்பது வயதுச் சிறுவன். இலக்கமிட்ட இருக்கை இருக்கிறதா, வெளியேறும் வழி எந்தப் பக்கம், எந்த வயதிலிருந்து அனுமதி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு காசைக் கட்டுங்கள்.

காதைப் பற்றி எங்கள் ஆட்கள் யோசிப்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல், இத்தகைய இடங்களில் ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பெரிய ஒலிபெருக்கிக்கு அருகில் அந்த அளவை மீறுவது எளிது. ஒலிபெருக்கிகளை விட்டுத் தள்ளி இருக்கை எடுங்கள். சிறு பிள்ளைக்குக் காதை முழுவதும் மூடும் காதுறை வாங்கிப் போடுங்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். மேடையில் வாணவெடி வெடிக்கும், புகை எழும், நெஞ்சு அதிரும்படி முரசு ஒலிக்கும், சனம் நெருக்கியடிக்கும். போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அது கொண்டாட்டம். பதுங்குகுழியில் இருந்தவருக்கு அப்படி இருக்காது. உடம்பு தானாகவே குனிந்துகொள்ளும். உங்களுக்கோ உங்கள் துணைக்கோ அப்படி இருந்தால் அதை மறைத்துக்கொண்டு துணைக்குப் போகாதீர்கள். சித்தப்பாவையோ மாமாவையோ அனுப்புங்கள். பிள்ளைக்கும் காரணத்தைச் சொல்லுங்கள், அவர்களுக்கு விளங்கும்.

"சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடு, கூட்டிப்போகிறேன்" என்ற பேரமும் வேண்டாம். நிகழ்ச்சி ஒரு மாதத்தில் வரும், பெறுபேறு இன்னொரு மாதத்தில் வரும். இடையில் பிள்ளைக்கு உங்கள் வாக்கில் நம்பிக்கை போய்விடும். வெளிநாட்டுச் சித்தியிடம் பிள்ளையே நேரடியாகக் காசு கேட்கவும் விடாதீர்கள்.

முகநூலில் யாரோ மறுவிலைக்கு விற்கும் டிக்கெட்டை நம்ப வேண்டாம். ஒரே கியூஆர் குறியைப் பத்துப் பேருக்கு அனுப்ப முடியும். வாசலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். அதே காரணத்துக்காக, டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் உங்கள் பிள்ளை அதைப் படமெடுத்துப் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த முறை கொழும்பு இல்லை என்று முடிவானது. அடுத்த முறை யாழ்ப்பாணத்தில் நடந்தால் பாதிக் காசு அவளுடைய உண்டியலில் இருந்து, மீதி என்னுடையது. அதற்கு இப்போதே ஒன்று பேசி வைத்திருக்கிறோம்: கூட்டத்தில் தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல் போகலாம் என்பதால் என் இலக்கத்தை அவள் கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். உள்ளே போவதற்கு முன் வான் நிற்கும் இடத்தை இருவரும் நடந்துபோய்ப் பார்ப்போம்.