வரப்பு இரண்டாகத் தெரிந்தால்

கண்ணில் குழாய் வைத்த ஏழாம் வாரம். குடமுருட்டிக் கரையிலிருந்து வயலுக்கு இறங்கினேன். ஒரு வரப்பு இருந்த இடத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தன. இல்லாத வரப்பில் கால் வைத்து நாற்றங்காலில் விழுந்தேன். கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். அதற்காக, உள்நீரை வடியவிடும் குழாயும் அதோடு சேர்ந்த தகடும் வைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு இப்படி நேர்கிறது. பதற வேண்டாம், மருத்துவரிடம் சொல்லாமலும் இருக்காதீர்கள்.

முதலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள், பிறகு மற்றதை. எதைப் பொத்தினாலும் இரட்டை மறைந்தால், இரு கண்களும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போதும் இரண்டாகத் தெரிந்தால் காரணம் வேறு. கண்புரையாகவோ கண் வறட்சியாகவோ இருக்கலாம்.

பிறகு முகத்தை அசைக்காமல் திசை பாருங்கள். என் மனைவி அகல் விளக்கை ஏந்தி நின்றாள். நேரே பார்த்தபோது இரு சுடர்களுக்கும் இடையே ஒரு விரல் கடை. வலது மேல் மூலையில் நான்கு விரல். தகடு இருப்பதும் அந்த மூலையில்தான். நெல் கணக்கு நோட்டிலேயே குறித்து எடுத்துப்போனேன். வாயால் சொல்வதைவிட அது தெளிவாக இருந்தது.

தகடு, விழியை அசைக்கும் தசைகளை ஒட்டி உட்காருகிறது. எனக்கு வைத்தது 350 சதுர மில்லிமீட்டர். அதன் இரு ஓரங்களையும் தசைகளுக்கு அடியில் செருகுவார்கள். குழாயைக் கட்டிய நூல் ஐந்தாறு வாரத்தில் கரைந்ததும் கண்ணின் உள்நீர் வந்து தகட்டின்மேல் கொப்புளமாகத் தேங்கும். அதுவும் தழும்பும் சேர்ந்து விழியைத் தடுக்கின்றன.

சிலருக்கு வீக்கம் வடிந்ததும் தானே சரியாகிவிடும். நிலைத்துவிட்டால் கண்ணாடியில் பட்டகம் (ஒளியை வளைத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது, பிரிசம்), அதற்கும் அடங்காவிட்டால் தசை அறுவை. தகட்டை எடுத்துவிடச் சொல்லி அவசரப்படாதீர்கள். அழுத்தம் ஏறி நரம்பு செத்தால் போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதுவரை மொபெட்டைத் தொடாதீர்கள். ஒரு கண்ணை மறைத்து நடந்தால் ஆழம் பிடிபடாது. வாய்க்கால் பாலத்தில் கைத்தடி வேண்டும். வலி, சிவப்பு, திடீர் மங்கல் வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.

எனக்குக் கண்ணாடியில் பட்டகத் தாள் ஒட்டினார்கள். கோடு கோடாக, சற்று மங்கலாக இருக்கும். இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு மடை திறந்தேன். மண்வெட்டிக் காம்பு ஒன்றாகத்தான் இருந்தது.