லிண்டிஸ்ஃபார்னில் நான்கு நாள் தங்க

வீடு பிடிப்பதற்கு முன் கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள இந்தத் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை தண்ணீருக்குள் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லேண்ட் கவுண்டி கவுன்சில் வெளியிடுகிறது. நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரத்தை நம்பாதீர்கள். "கொஞ்சம் தண்ணீர்தானே" என்று காரை இறக்கியவர்கள் நடுவழியில் மாட்டியிருக்கிறார்கள். அப்படிச் சிக்கியவர்கள் ஏறிக்கொள்ளவே உயரமான கால்கள்மேல் ஒரு குடில் நிற்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த நேரங்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவதுதான் என் முதல் வேலை.

அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் தீவுக்குள் வருமுன், கரையில் இருக்கும் பெரிக் என்ற ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கடல் ஏறுவதற்குள் பகல் கூட்டம் கிளம்பிவிடும். அந்த அமைதிக்காகத்தான் தங்கவே வேண்டும். பழைய மடாலயத்தின் இடிபாடுகளைச் சுற்றிவிட்டுக் கரையில் உட்காருங்கள். மணல்திட்டில் கிடக்கும் சாம்பல்நிறச் சீல்களின் (கடல்நாய்களின்) ஊளை காற்றில் வரும். முதல் இரவு அதற்குப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்ட மகள், மறுநாள் அவளே ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

வீட்டைக் காலி செய்யும் நேரம் சாலை திறக்கும் நேரத்தோடு ஒத்துவராமல் போகலாம். உரிமையாளரிடம் முன்பே பேசிவிடுங்கள்.