ஜப்பான் மலைல ரியோகான்ல தங்கப் போறீங்களா? புக் பண்றதுக்கு முன்னாடி இத படிச்சுடுங்க

டோக்கியோ, கியோட்டோன்னு டூர் போடுறவங்க நிறைய பேரு நடுவுல ஒரு ராத்திரி மட்டும் ஹகோனே மாதிரி மலைப்பக்கம் ரியோகான்ல, அதாவது ஜப்பானோட பழைய பாணி விடுதியில, தங்கணும்னு ஆசப்படுறாங்க. நல்ல ஆசதான், ஆனா பகல் பூரா ஊர் சுத்திட்டு ராத்திரி எட்டு மணிக்கு போய் படுத்து எந்திரிச்சு கிளம்புற பிளான்னா தயவுசெஞ்சு அந்த காச அங்க கொட்டாதீங்க, ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பிசினஸ் ஹோட்டலே போதும். மத்தியானம் மூணு மணிக்கு செக்இன் பண்ணி மறுநாள் காலைல பத்து மணி வரைக்கும் குளிக்கிறது, சாப்பிடுறது, சும்மா உக்காந்து மலைய பாக்குறது, இதுக்குத்தான் அங்க காசு வாங்குறாங்க. அதனால அன்னிக்கு வேற எந்த புரோகிராமும் வைக்காம மூணு நாலு மணிக்குள்ள போய் சேந்துடுங்க.

ரேட் விஷயத்துல நம்மாளுங்க நிறைய பேரு குழம்புறாங்க. அங்க பெரும்பாலும் ரூமுக்கு ரேட் கிடையாது, தலைக்குத்தான், ராத்திரி சாப்பாடும் காலை டிபனும் அதுலயே சேந்திருக்கும். சுமாரான நல்ல இடம்னா ஆளுக்கு 15,000 யென்ல இருந்து 30,000 யென் வரைக்கும் வரும், அதுக்கு மேல போறதுக்கு எல்லையே இல்ல. சனிக்கிழமை ரேட் ஏறும், நவம்பர்ல இலை சிவக்குற சீசன்லயும் ஏப்ரல் கடைசி மே ஆரம்பத்துல வர்ற கோல்டன் வீக் லீவுலயும் இன்னும் ஏறும். வார நாள்ல போனா அதே ரூமு கம்மியா கிடைக்கும், கூட்டமும் இருக்காது. தனியா போறவங்க கவனிங்க, சில இடத்துல ஒத்த ஆளுக்கு ரூம் குடுக்க மாட்டாங்க.

ஹகோனேன்னா ஷின்ஜுகுல இருந்து ரொமான்ஸ்கார் ரயில்ல ஏறுனா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஹகோனே-யுமோட்டோ போயிடலாம், அங்கிருந்து கோரா போற குட்டி மலை ரயில் ஏத்தம் தாங்காம மூணு இடத்துல நின்னு ரிவர்ஸ்ல திரும்பி திரும்பி ஏறும், நம்ம ஊட்டி ரயில் பிடிச்சவங்களுக்கு இதுவும் பிடிக்கும். ஆனா அதுல ரெண்டு பெரிய சூட்கேஸோட ஏறுறது கொடுமை. டோக்கியோ ஹோட்டல் ரிசப்ஷன்ல தக்யூபின் கூரியர்ல பெட்டிய போடச் சொன்னா அடுத்து தங்கப்போற ஊர் ஹோட்டலுக்கு பெரும்பாலும் மறுநாளே போயிடும், நீங்க ஒரு ராத்திரிக்கு வேண்டியத மட்டும் பையில போட்டுட்டு கைய வீசிட்டு மலை ஏறலாம். ராத்திரி சாப்பாடு ஆறு, ஆறரைக்கெல்லாம் ஆரம்பிச்சுடும், லேட்டாகும்னா கண்டிப்பா போன் பண்ணி சொல்லுங்க, இல்லன்னா சாப்பாடு போயிடும், காசு திரும்ப வராது.

உள்ள போறப்ப செருப்ப வாசல்ல விடுறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல. வராண்டாவுல ஸ்லிப்பர், தத்தாமி பாய் மேல ஸ்லிப்பரும் கூடாது வெறுங்காலோ சாக்ஸோதான், டாய்லெட்டுக்குன்னு தனி ஸ்லிப்பர், அதப் போட்டுக்கிட்டே வெளிய வந்துடாதீங்க. பெட்டிய பாய் மேல உருட்டக்கூடாது. சுவத்துல மாடம் மாதிரி ஒரு இடத்துல படமும் பூவும் வச்சிருப்பாங்க, பாத்தா லக்கேஜ் வைக்க அளவெடுத்து செஞ்ச மாதிரியே இருக்கும், அங்க எதையும் வைக்காதீங்க. ரூம்ல யுகாதான்னு ஒரு மெல்லிசு அங்கி இருக்கும், அத மாத்திக்கிட்டு சாப்பிடவும் போலாம் குளிக்கவும் போலாம். வலது பக்கத்த முதல்ல மடிச்சு இடது பக்கம் மேல வர்ற மாதிரி கட்டணும், மாத்திக் கட்டுறது அங்க செத்தவங்களுக்குத்தான்.

இப்ப எல்லாரும் தயங்குற விஷயம், குளியல். ஒன்சென்ல, அதாவது வெந்நீர் ஊத்து குளியல்ல, துணி எதுவும் இல்லாமதான் இறங்கணும், ஸ்விம்சூட் கூடாது. ஆண் பெண் தனித்தனி, வாசல்ல திரை தொங்கும், பெரும்பாலும் நீலம் ஆண், சிவப்பு பெண். ஆனா நிறைய இடத்துல ராத்திரிக்கும் காலைக்கும் ரெண்டையும் மாத்தி விடுவாங்க, அதனால நேத்து போன ஞாபகத்துல நேரா நுழையாதீங்க, திரைய பாத்துட்டு போங்க. தொட்டில இறங்குறதுக்கு முன்னாடி குட்டி ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு நல்லா குளிச்சிடணும், தொட்டி ஊறுறதுக்கு மட்டும்தான். சின்ன டவல் தண்ணிக்குள்ள போகக்கூடாது, தலைமேல வச்சுக்கலாம், நீள முடின்னா கொண்ட போட்டுக்கணும். தண்ணி 40 டிகிரிக்கு மேல இருக்கும், முதல் தடவ அஞ்சு பத்து நிமிஷம் போதும், சரக்கு அடிச்சுட்டு இறங்காதீங்க. இன்னொண்ணு இத யாரும் சொல்ல மாட்டாங்க, கந்தக வாசன அடிக்குற தண்ணின்னா வெள்ளி கறுத்துடும், கொலுசு மெட்டி எல்லாம் கழட்டி ரூம்லயே வச்சுட்டு போங்க. டாட்டூ இருந்தா பல இடத்துல பொதுக் குளியலுக்கு விட மாட்டாங்க. கூச்சமா இருக்கு, இல்ல குடும்பமா சேந்து ஊறணும்னா மணிக்கணக்குல வாடகைக்கு விடுற தனிக் குளியல் இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க, ரூமுக்குள்ளயே வெந்நீர் தொட்டி இருக்குற இடமும் உண்டு, ரேட் சுளீர்னு இருக்கும். என் அபிப்பிராயம், மொத ரெண்டு நிமிஷம்தான் கூச்சம், அங்க யாரும் யாரையும் பாக்குறதில்ல.

சாப்பாடு கைசெகி, கொஞ்சம் கொஞ்சமா வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். பச்ச மீனு, சுட்டது, வேகவச்சது எல்லாம் முடிஞ்சு கடைசியிலதான் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் வரும், சோறு வரட்டும்னு காத்திருந்தா பசியோட உக்காந்திருக்க வேண்டியதுதான். சைவம்னா இது ரொம்ப முக்கியம், மீன் துண்டு கண்ணுக்கு தெரியலன்னாலும் சூப்பு, காய், சாஸ் எல்லாத்துலயும் காய்ஞ்ச மீன்ல எடுத்த தாஷிங்குற சாறு இருக்கும். வெறுமனே வெஜிடேரியன்னு சொன்னா பத்தாது, மீன் தாஷியும் கூடாதுன்னு புக் பண்ணும்போதே எழுதி, முடியும்னு பதில் வந்தப்புறம் காச கட்டுங்க. அங்க போய் சொன்னா ஒண்ணும் நடக்காது, சின்ன ரியோகான்ல முன்னாடியே சொன்னாலும் முடியாதுன்னுதான் சொல்லுவாங்க.

சுத்த சைவக்காரங்களுக்கு நான் சொல்றது கோயாசான்ங்குற மலைக் கோயில் ஊர். ஒசாகா நம்பால இருந்து நான்காய் ரயில், அப்புறம் கேபிள் கார், அப்புறம் பஸ். 816ல கூகாய்ங்குற துறவிக்கு குடுத்த மலை, இப்பவும் ஊர் பூரா கோயில்தான், அதுல ஐம்பது கோயில் கிட்ட தங்க ரூம் குடுக்குறாங்க. தத்தாமி, ஃபுத்தான் மெத்தை, யுகாதா எல்லாம் ரியோகான் மாதிரியேதான், ஆனா சாப்பாடு துறவிங்க சாப்பாடு, கறி மீன் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது, தாஷிய கடல்பாசிலயும் காளான்லயும் எடுப்பாங்க. எள்ளு டோஃபுவ விட்டுடாதீங்க. வெந்நீர் ஊத்து குளியல எதிர்பாக்காதீங்க, பெரும்பாலும் சாதா வெந்நீர்தான். விடியக்காலை பூஜைக்கு நம்மளையும் உக்கார விடுவாங்க, குளிர்காலத்துல அந்த மண்டபம் நடுக்கிடும், ஸ்வெட்டர் அவசியம்.

படுக்கை தரையில ஃபுத்தான், நீங்க சாப்பிடப் போற நேரத்துல ஆள் வந்து விரிச்சுட்டுப் போவாங்க. முட்டி வலி இருக்குற அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போனா கட்டில் இருக்குற ரூமா கேளுங்க. சுவர் மெலிசு, பக்கத்து ரூம் இருமல் கூட கேக்கும், நம்ம வீடியோ கால் அவங்களுக்கும் கேக்கும்.

காலைல டிபனுக்கு முன்னாடி இன்னொரு தடவ ஊறிடுங்க, அந்த நேரம்தான் கூட்டமே இருக்காது. கிளம்பும்போது டிப்ஸ் நீட்ட வேண்டாம், அங்க அந்த பழக்கம் இல்ல. குடிச்ச பீர், அப்புறம் குளியல் வரின்னு ஆளுக்கு 150 யென் கிட்ட, இதெல்லாம் தனியா பில்லுல வரும், சின்ன இடத்துல கார்டு எடுக்கலன்னா முழிக்காம இருக்க கைல நோட்டா வச்சுக்கோங்க. ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு விட வேன் இருக்கான்னு முந்தின ராத்திரியே கேட்டு பேர் குடுத்துடுங்க, மலை பஸ்ஸு ஒண்ண விட்டா அடுத்தது எப்ப வரும்னு சில ஊர்ல ரொம்ப நேரம் நிக்கணும்.