இலையில் தொடங்கினால் தோட்டம் வராது

எண்ணெய் வர்ணம் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்த்து வரையக் கொடுக்கும் படம், ரஷ்ய ஓவியர் வசீலி பொலேனோவ் 1878இல் வரைந்த ‘பாட்டியின் தோட்டம்’. தூண்கள் வைத்த பழைய மரவீடு, பராமரிப்பில்லாமல் புதர் மண்டிய தோட்டம், நடைபாதையில் கருநிற உடையில் ஒரு மூதாட்டி, அவருடன் வெளிர்நிற உடையில் ஓர் இளம்பெண். ஆட்கள் வெளிநாடு போய்விட, பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீட்டு வளவுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இந்தப் படம் அந்நியமாகத் தெரியாது.

முதல் பிழை கன்வஸ் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. மூலப் படம் ஏறக்குறைய 55க்கு 65 சென்ரிமீற்றர். 18க்கு 24 அங்குலக் கன்வஸில் அதை இழுத்து நிரப்பினால் வீடு அகன்று, மூதாட்டியும் பருத்துவிடுவார். 20க்கு 24 வாங்கினால் விகிதம் கிட்டத்தட்டப் பொருந்தும்.

பெரிய பிழை இலை. நானும் அதில் விழுந்தவன்தான். மூன்று மாலைப் பொழுதுகள் மெல்லிய தூரிகையோடு குனிந்திருந்து, கீழ் மூலையில் இருந்த செடிகளை இலை இலையாக வரைந்தேன். எழுந்து நின்று பார்த்தபோது, வெள்ளைத் துணியில் பச்சைப் புள்ளிகள் ஒட்டியதுபோல இருந்தது. பழக்கியவர் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்: “தம்பி, அந்த வேம்பை இலை எண்ணிப் பார்த்தா வேம்பு என்று கண்டுபிடித்தீர்?” கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். இலைகள் மறைந்து, வானம், வீடு, புதர், பாதை என்று நான்கு திட்டுகளே மிஞ்சின. அவற்றின் வெளிச்ச இருட்டைப் பெரிய தூரிகையால் சரியாக வைத்த பிறகு, ஓரங்களில் பத்துப் பன்னிரண்டு இலைகளைத் தொட்டுவிட்டாலே போதும். மீதியைப் பார்க்கிறவர் கண்ணே வரைந்துகொள்ளும்.

அடுத்தது பச்சை. ரியூப்பில் வரும் பச்சையை அப்படியே பூசினால் தோட்டம் பிளாஸ்ரிக் செடியாகிவிடும். மஞ்சட்காவியோடு அல்ட்ராமரின் நீலம் கலந்து பாருங்கள். பொலேனோவின் அடங்கிய பச்சைக்கு அருகில் வரும். நிழலுக்குக் கறுப்பை அள்ளாமல் துளி சிவப்பு சேருங்கள். கைபேசித் திரையைப் பார்த்து வரைவதும் வம்புதான். திரை ஒளிர்கிறது, வர்ணம் ஒளிராது. அதோடு போட்டி போட்டு வெள்ளையைக் கலந்துகொண்டே போனால் படம் சுண்ணாம்பு அடித்த மதில்போல வெளிறிவிடும். நல்ல அச்சுப்பிரதி எடுத்து வையுங்கள். நம் ஊர் உச்சி வெயிலைப் பழக்கதோஷத்தில் அங்கே கொண்டுபோகவும் வேண்டாம். அந்தத் தோட்டத்து வெளிச்சம் மென்மையானது.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். வர்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் முடிந்துபோன ஒரு நாள், குசினியில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து வானத்துக்குக் கலந்தேன். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உள்வாங்கித்தான் இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. மூன்று மாதம் கழித்தும் வானம் பிசுபிசுத்தது, இரண்டு நுளம்புகள் அதில் ஒட்டிக் கிடந்தன. நல்ல எண்ணெயிலும் ஒழுங்கு உண்டு. அடிப்பூச்சில் வர்ணத்தை இளக்கும் டர்பன்டைன் கூட, எண்ணெய் குறைய. மேலே போகப்போக எண்ணெய் கூடலாம். மாறிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, பிறகு வெடிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் காய்வதற்கு இன்னும் நாள் பிடிக்கும். அதற்காகப் படத்தை அடுப்படியில் வைத்துவிடாதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. இறுகும்போது உண்டாகும் வெப்பம் உள்ளே தேங்கி, தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையேல் நீரில் ஊறவிடுங்கள்.

முடிந்ததும் முன்பக்கத்தில் உங்கள் கையொப்பத்தை மட்டும் போட்டுவிட வேண்டாம். பின்பக்கத்தில் ‘பொலேனோவைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, திகதியும் இடுங்கள்.