பெயருக்கு டைரக்டர் ஆகாதீர்கள்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து இறங்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விசா கையில் வந்த மறுவாரமே "அண்ணே, ஒரு செண்டிரியான் பெர்ஹாட் போடலாம்னு இருக்கேன்" என்று வந்து நிற்கிறார்கள். ஊரில் பிரைவேட் லிமிடெட் என்போமே, அதுதான். போடுங்கள், யார் வேண்டாம் என்றது? போடுவதில் கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் பின்னால் வருவது.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 2017 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒரே ஆள் டைரக்டராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். இந்தியாவில் மாதிரி இன்னொரு பெயருக்கு மச்சினனைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு டைரக்டராவது மலேசியாவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். பெயரைப் பிடித்து வைக்க 50 வெள்ளி (ரிங்கிட்), பதிவுக்கு 1,000 வெள்ளி. எல்லாம் எஸ்எஸ்எம் என்ற கம்பெனிப் பதிவு ஆணையத்தில் இணையம் வழியாகவே முடியும். சுற்றுலா விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மனைவி வழி விசாவில் இருப்பவர்கள் முதலில் குடிநுழைவுத் துறையில் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஊரில் ஆடிட்டர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். இங்கே எவ்வளவு சின்ன கம்பெனியானாலும் பதிவான 30 நாளுக்குள் கம்பெனியின் சட்டத் தாள்களைப் பார்த்துக்கொள்ளும் செக்ரட்டரி ஒருவரைப் போட்டாக வேண்டும். அவருடைய மாதக் கட்டணத்தை வீண் செலவு என்று நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் வேலையை நிறுத்துவார், ஆண்டறிக்கை போகாது. அது வழக்காகிக் குற்றம் உறுதியானால் 50,000 வெள்ளி வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது.

கடை லைசென்சும் பெயர்ப்பலகையும் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கையில். பலகையில் தமிழ் வைக்கலாம், மலாய் எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும். மளிகை, துணி, நகை என்று கனவோடு வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இவை வெளிநாட்டவர் பங்கோடு நடத்தக் கூடாத வியாபாரங்களின் பட்டியலில் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு: கம்பெனியில் வெளிநாட்டவர் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், 2024 வரியாண்டிலிருந்து சிறு கம்பெனிகளுக்கான 15 விழுக்காட்டுச் சலுகை வரி கிடையாது. முதல் வெள்ளியிலிருந்தே 24.

இனி நான் சொல்ல வந்தது.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், நல்ல உழைப்பாளி. மனைவிக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் தோட்டங்களில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் காண்டிராக்ட் எடுத்திருந்தார். "மாப்ளே, நீங்களும் ஒரு டைரக்டரா இருங்க. சும்மா பேருக்குத்தான். வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். தம்பியும் நகை விற்ற பணத்தைப் போட்டு 30 விழுக்காடு பங்கு வாங்கிக் கையெழுத்தும் போட்டார். கணக்கைக் கேட்டால் மாமா கோபித்துக்கொள்வாரே என்று கேட்கவில்லை. சொந்தத்துக்குள் ரசீது கேட்பது நம்மிடம் மரியாதைக் குறைவு. பிறகு ஒத்துவரவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் "நான் விலகிக்கறேன் மாமா" என்றார். "சரிப்பா" என்றார் அவர். அதோடு முடிந்தது என்று இவர் நினைத்துவிட்டார். எந்தத் தாளும் எங்கும் போகவில்லை.

அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். சீர்த் தட்டுக்கு வேண்டியதெல்லாம் வாங்கிப் பெட்டி கட்டிக்கொண்டு கேஎல்ஐஏ விமான நிலையம் போனவரைக் குடிநுழைவுக் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். இபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதிப் பாக்கிக்காகப் பயணத் தடை. தொழிலாளர்களின் சம்பளத்தில் 11 விழுக்காடு மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதையும் சேர்த்து எதையும் கட்டவில்லை. இபிஎஃப் சட்டத்தில், பாக்கி விழுந்த காலத்தில் யார் யார் டைரக்டரோ அவர்கள் எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பேருக்கு டைரக்டர் என்று ஒரு வகையே அதில் கிடையாது. பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. மாமாவுக்கும் அதே தடைதான். ஆனால் ஈப்போவைத் தாண்டிப் போகாத மனிதருக்கு அதனால் என்ன நஷ்டம்?

எனக்கு இதில் பயணத் தடையைவிட அந்தத் தொழிலாளர்களை நினைத்துத்தான் ஆத்திரம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், அவர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கிக் காட்டிய துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. இங்கே குலை வெட்டுகிறவருக்கு இபிஎஃப்தான் முதுமைக்கு உள்ள ஒரே சேமிப்பு. அதில் கைவைத்த கம்பெனியின் டைரக்டர் என்று பெயர் வந்துவிட்டால் கோயில் திருவிழாவில்கூடத் தலை நிமிர முடியாது. தம்பி ஒரு பகுதியைக் கட்டி, மீதிக்குத் தவணை எழுதிக் கொடுத்துத்தான் தடை நீங்கியது. காதுகுத்து அதற்குள் ஒன்றுவிட்ட மாமன் மடியில் நடந்து முடிந்துவிட்டது. அக்கா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

ஆகவே, டைரக்டராக இருக்கும் வரைக்கும் மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் இபிஎஃப் கட்டியாயிற்றா, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கட்டியாயிற்றா என்று கம்பெனிக் கணக்கில் நீங்களே நுழைந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்ப வேண்டாம். வருமான வரியிலும் இதே கதைதான்: 20 விழுக்காடும் அதற்கு மேலும் பங்கு வைத்து நிர்வாகத்தில் இருக்கும் டைரக்டரிடம் கம்பெனியின் வரிப் பாக்கியைக் கேட்கலாம்.

விலகுவதாக இருந்தால் எழுத்தில் விலகுங்கள். கடிதத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பெரும்பாலும் அது செக்ரட்டரியின் அலுவலகமாகத்தான் இருக்கும். 14 நாளுக்குள் எஸ்எஸ்எம்முக்குத் தகவல் போக வேண்டும். போனதா என்று மாமாவிடம் கேட்காதீர்கள். எஸ்எஸ்எம் இணையத்தில் சில வெள்ளி கட்டினால் எந்தக் கம்பெனியின் விவரத்தையும் வாங்கலாம், அதில் உங்கள் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். விலகியதால் பழைய பாக்கி தீராது, பேங்கில் போட்ட ஜாமீன் கையெழுத்தும் தீராது. நீங்கள் ஒருவரே டைரக்டர் என்றால் மாற்று ஆள் வரும்வரை விலகவே முடியாது.

கடையைப் பூட்டிவிட்டால் கம்பெனி மூடிவிட்டது என்று நினைத்து ஊருக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. பூட்டிய கடைக்கும் ஆண்டறிக்கை போட வேண்டும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் செக்ரட்டரி மூலம் எஸ்எஸ்எம்முக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் வரி, இபிஎஃப், சொக்சோ எதிலும் பாக்கி இல்லாமல் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது.